லாரியில் ஒரு படகு: கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஏற்பாடு செய்வது எப்படி?

"பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், பையன் ப்ராஜெக்ட் பிரின்ட் எடுக்கிறான். இதற்கு மேல் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதிலாக, நான் செய்து முடித்த ஒரு வேலையை இங்கு விளக்குகிறேன். சென்னையில் இருந்த சிறிய பாய்மரப் படகு ஒன்றை ஹைதராபாத்துக்கு அனுப்பும் வேலை. உங்களிடம் படகு இல்லாமல் இருக்கலாம். பியானோ, பெரிய ஊஞ்சல், தேக்கு அலமாரி என்று எடை குறைவாகவோ கூடவோ, ஆனால் இடத்தை அடைக்கும் எந்தப் பொருளுக்கும் இதே வழிதான்.

படகு என் அண்ணன் மகளுடையது. சென்னைத் துறைமுகப் பக்கம் பாய்மரம் ஓட்டக் கற்றுக்கொண்டவள். அண்ணனுக்கு ஹைதராபாத் மாற்றலாகிவிட்டது. அங்கே ஹுசைன் சாகர் ஏரியில் ஜூலை மாதங்களில் பாய்மரப் போட்டிகள் நடப்பது வழக்கம். "சித்தப்பா, போட்டிக்கு முன்னாடி படகு வந்துடணும். ஆனா அடி படாம வரணும்" என்றாள். இரண்டாவது நிபந்தனைதான் கஷ்டமானது.

அவளுடையது லேசர் என்ற வகைப் படகு. இப்போது இல்கா என்று பெயர் மாறியிருக்கிறது. 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் வகை. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஓட்டியது இந்தக் குடும்பத்துப் படகைத்தான். நீளம் 4.23 மீட்டர், அகலம் 1.39 மீட்டர். பாயும் கம்பங்களும் இல்லாமல் வெறும் உடல் 59 கிலோதான். மூன்று நான்கு பேர் தூக்கிவிடலாம். ஃபைபர் கிளாஸ் என்பதால், மேலே ஒரு மூட்டையைப் போட்டால் அதோடு சரி.

எத்தனை டன் சார்?

மாதவரத்தில் உள்ள ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்கு முதலில் போன் செய்தேன். "போட்டா? மீன்பிடி போட்டா சார்? எத்தனை டன்?" என்றார்கள். நான் 59 கிலோ என்றதும் மறுமுனையில் சிரிப்பு. "அப்ப பார்சல்ல போட்டுடலாம் சார், கொண்டுவாங்க." 14 அடி நீளம் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

படகு என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சரியான வாடகை சொல்ல முடியாது. எனவே போனை வைத்துவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். தயாரிப்பாளர் சொல்லும் அளவு வேறு, போர்வையும் தெர்மோகோலும் சுற்றிய பிறகு உள்ள அளவு வேறு. லாரிக்கு வேண்டியது இரண்டாவது அளவு. சுற்றிய பின் என் கணக்கில் நீளம் 435 செ.மீ., அகலம் 150 செ.மீ., உயரம் 70 செ.மீ. வந்தது.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். எக்ஸெல் இருந்தால் திறந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். அதில் உள்ள கால்க் இதே வேலையைச் செய்யும். மூன்று கட்டங்களில் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ. கணக்கில் டைப் செய்யவும். நான்காவது கட்டத்தில் சம அடையாளத்தை டைப் செய்துவிட்டு, நீளம் உள்ள கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். அடுத்து நட்சத்திரக் குறியை (*) டைப் செய்து அகலக் கட்டத்தையும், மீண்டும் நட்சத்திரக் குறி இட்டு உயரக் கட்டத்தையும் கிளிக் செய்யுங்கள். அதன் பின் சாய்வுக் கோடு (/) போட்டு 28317 என்று எழுதி என்டர் தட்டவும். ஒரு கன அடி என்பது சுமார் 28,317 கன செ.மீ. ஆகையால், வருகிற விடை உங்கள் பொருளின் கன அடி. எனக்கு 161.3 வந்தது.

இந்த எண் எதற்கு? பார்ட் லோடு எனப்படும், பலருடைய சரக்கோடு சேர்த்து அனுப்பும் முறையில் எடையா, இடமா என்று பார்த்து எது அதிகமோ அதற்குத்தான் வாடகை. இடத்தை எடையாக மாற்ற, ஒரு கன அடிக்கு இத்தனை கிலோ என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கணக்கு வைத்திருக்கும். எனக்கு 6 என்று சொன்னவர்களும் உண்டு, 10 என்று சொன்னவர்களும் உண்டு. கம்பம், பாய், துடுப்பு எல்லாம் சேர்த்தே 90 கிலோ வராத என் படகு, முதல் கணக்கில் 968 கிலோ. இரண்டாவது கணக்கில் 1,613 கிலோ! கிலோவுக்கு 9 ரூபாய் என்று இருவரும் ஒரே ரேட் சொன்னாலும் ஒருவரிடம் 8,712 ரூபாய், மற்றவரிடம் 14,517 ரூபாய். "கிலோ என்ன ரேட்?" என்பதோடு நிற்காமல் "கன அடிக்கு எத்தனை கிலோ போடுவீர்கள்?" என்று கேட்டு அதையும் ஒரு கட்டத்தில் எழுதிவையுங்கள். பல பேர் இந்தக் கேள்வியை எதிர்பார்ப்பதே இல்லை.

ஒரே மெயில், ஐந்து பேருக்கு

ஒவ்வொருவரிடமும் போனில் கதை சொல்லிக்கொண்டிருந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் புரிந்துகொள்வார்கள். ஒரு மெயில் எழுதி ஐந்து கம்பெனிகளுக்கு அனுப்பினேன். ஏற்றும் இடம், இறக்கும் இடம் இரண்டுக்கும் பின்கோடு, சுற்றிய பின் உள்ள அளவு, எடை, பொருளின் மதிப்பு, எந்தத் தேதிக்குள் சேர வேண்டும் என்பது, மேலே எதையும் அடுக்கக்கூடாது என்ற நிபந்தனை, பக்கவாட்டிலும் பின்பக்கமும் எடுத்த இரண்டு படங்கள். இவ்வளவுதான். மெயில் முகவரிகளை பி.சி.சி. கட்டத்தில் போட்டால் ஒருவருக்கு அனுப்பியது மற்றவருக்குத் தெரியாது. லாரி தேடித் தரும் தளங்களில் மொபைல் எண்ணைப் பதிவு செய்வதை நான் தவிர்த்துவிட்டேன். பதிவு செய்த நண்பர் ஒருவருக்கு இன்றும் போன் வந்துகொண்டிருக்கிறது.

வந்த பதில்களை அதே ஷீட்டில் வரிசையாக எழுதினேன். வாடகைக்குப் பக்கத்தில் ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, டோர் டெலிவரி, ஹால்டிங் சார்ஜ் என்று தனித்தனிக் கட்டங்கள். வாடகையில் மலிவாக இருந்த ஒன்று கூட்டிப் பார்த்தபோது மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது. அதைவிட முக்கியமாக நான் சேர்த்த ஒரு கட்டம், "வழியில் வண்டி மாறுமா?"

பார்ட் லோடில் மாறும். மாதவரம் குடோனில் ஒருமுறை, நடுவில் ஓர் ஊரில் ஒருமுறை, ஹைதராபாத் குடோனில் ஒருமுறை, அங்கிருந்து வீட்டுக்குச் சிறிய வண்டியில் ஒருமுறை என்று ஏற்றி இறக்குவார்கள். நெடுஞ்சாலையில் ஓடும்போது படகுக்கு ஆபத்து குறைவுதான். பெரும்பாலும் அடி படுவது இந்தக் கைமாற்றங்களில். பார்ட் லோடில் எல்லாம் சேர்த்து எனக்கு வந்த நல்ல விலை 13,200 ரூபாய். ஹைதராபாத்திலிருந்து சரக்கு கொண்டுவந்து காலியாகத் திரும்பும் ரிட்டர்ன் லாரி ஒன்றில், நேராக வீடு வரை, 18,500 ரூபாய். வித்தியாசம் 5,300. மூன்று லட்சத்துக்கு மேல் பெறும் படகுக்கு அது பெரிய தொகை அல்ல என்று முடிவு செய்தேன். அண்ணனுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லாரி அளவு பற்றி ஒரு வார்த்தை. 14 அடி வண்டி போதும் என்றார் ஒருவர். 14 அடி என்றால் 427 செ.மீ. சுற்றிய படகு 435. பின்கதவைத் திறந்து வைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, அனுமதித்த அளவுக்கு மேல் சரக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். அதோடு சரக்கை அங்கேயே இறக்கும் செலவும் தலையில் விழும். நடு ரோட்டில் படகை இறக்கி வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். 17 அடி வண்டியே கேட்டேன்.

கம்பெனி உண்மையானதா?

பெரிய பெயர்களைப் போலவே பெயர் வைத்துக்கொண்டு முன்பணம் வாங்கி மறைபவர்கள் உண்டு. எனவே பணம் அனுப்பும் முன் இரண்டு சோதனைகள். இரண்டுமே இலவசம்.

கம்பெனியின் கொட்டேஷனில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கும். முதல் இரண்டு எண்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, தெலங்கானாவுக்கு 36, ஆந்திராவுக்கு 37. ஜி.எஸ்.டி. தளத்தில், வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் இந்த எண்ணை டைப் செய்து, படத்தில் தெரியும் எழுத்துகளையும் கொடுத்தால், கம்பெனியின் சட்டப்பூர்வமான பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். பணம் போக வேண்டிய வங்கிக் கணக்கு அதே பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு வந்த ஐந்து கொட்டேஷன்களில் ஒன்றில் இருந்த எண்ணுக்கு அந்தத் தளத்தில் ஆளே இல்லை. அவர்தான் எல்லோரையும் விட மலிவாகச் சொன்னவர்.

லாரி எண் கிடைத்ததும் பரிவாஹன் தளத்தில் மொபைல் எண்ணால் உள்ளே நுழைந்து பாருங்கள். வண்டியின் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் இரண்டும் எந்தத் தேதி வரை என்பது வந்துவிடும். உரிமையாளர் பெயர் பாதி மறைக்கப்பட்டிருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

பத்து மடங்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

சரக்கை ஒப்படைத்ததும் டிரான்ஸ்போர்ட் கம்பெனி தருவது எல்.ஆர். எனப்படும் லாரி ரசீது. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011ஆம் ஆண்டு விதிகளும்தான் இதற்கு அடிப்படை. சரக்கு தொலைந்தாலோ உடைந்தாலோ கம்பெனியின் பொறுப்பு, பொதுவாக, வாடகையைப் போல் பத்து மடங்கு வரைதான். அதுவும் நீங்கள் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாது. என் விஷயத்தில் வாடகை 18,500. பத்து மடங்கு 1,85,000. படகின் இன்றைய மதிப்பு 3,20,000. படகு முழுதும் போனால் 1,35,000 ரூபாய் நம் கையைவிட்டுப் போகும். 13,200 ரூபாய் பார்ட் லோடில் அனுப்பியிருந்தால் இந்தப் பள்ளம் 1,88,000. மலிவான வாடகைக்குள் இப்படி ஒரு விஷயம் ஒளிந்திருப்பதை ஷீட்டில் ஒரு கட்டம் கூட்டியபோதுதான் அண்ணன் ஒப்புக்கொண்டார்.

இதைச் சரிக்கட்ட இரண்டு வழிகள். கம்பெனிக்கே கூடுதல் ரிஸ்க் கட்டணம் கொடுத்து, அதை எல்.ஆரில் எழுதி வாங்கலாம். அல்லது ஒரு பயணத்துக்கு மட்டுமான இன்சூரன்ஸ் எடுக்கலாம். வேடிக்கை என்னவென்றால், லாரியில் போகும் சரக்குக்கான இன்சூரன்ஸும் 'மரைன்' பிரிவில்தான் வருகிறது. அரிசி மூட்டைக்கும் மரைன், படகுக்கும் மரைன். இதில் ஏ, பி, சி என்று மூன்று வகை. 'சி' தீ, மின்னல் இரண்டுக்கு மட்டும். 'பி' என்றால் மோதல், வண்டி கவிழ்தல் போன்றவையும் சேரும். 'ஏ' என்றால் விலக்கப்பட்டவை தவிர மற்ற எல்லா ஆபத்துகளும். பழைய பொருளுக்கு 'ஏ' தரத் தயங்குவார்கள். பாலிசி பி.டி.எஃப். பைலாக மெயிலில் வரும். அதைத் திறந்து, கண்ட்ரோல் விசையுடன் எஃப் விசையை அழுத்தி, நீங்கள் கேட்ட பிரிவின் பெயரைத் தேடிப் பாருங்கள். எல்.ஆரின் மூலையில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளவும்.

இ-வே பில்

50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில் வேண்டும் என்ற முறை 2018 ஏப்ரல் 1 முதல் உள்ளது. பயன்படுத்திய சொந்தப் பொருள்களுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் பீரோவை வீட்டுச் சாமான் என்று ஒத்துக்கொள்ளும் அதிகாரி, நெல்லூர் தாண்டி இரவு இரண்டு மணிக்குப் படகையும் அப்படி ஒத்துக்கொள்வாரா? வாதாட நான் அங்கே இருக்கப் போவதில்லை. பில்லை எடுத்துவிட்டேன். வியாபாரப் பதிவு இல்லாதவர்களுக்கு இ-வே பில் தளத்தில் 'சிட்டிசன்' என்று தனிப் பகுதி இருக்கிறது. காரணம் கேட்கும் இடத்தில் 'சொந்த உபயோகம்' என்பதைத் தேர்வு செய்யலாம். பொருளின் குறியீட்டு எண் கேட்டால், உல்லாசப் படகுகளுக்கு 8903. இரண்டு பின்கோடுகளையும் கொடுத்தால் தளமே தூரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்ற கணக்கில், ஏறக்குறைய 630 கி.மீ. உள்ள இந்தப் பயணத்துக்கு நான்கு நாள் அனுமதி கிடைத்தது. லாரி எண்ணை இரண்டாம் பகுதியில் நிரப்பிய பிறகே நாள் ஓடத் தொடங்கும். வண்டி மாறினால் அந்த எண்ணையும் மாற்ற வேண்டும்.

வாங்கிய பில்லின் நகல், "விற்பனைக்கு அல்ல" என்ற கடிதம், இன்சூரன்ஸ், இ-வே பில் நான்கையும் பிரின்ட் எடுத்து டிரைவரிடம் ஒரு செட் கொடுத்தேன். மொபைலில் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். சார்ஜ் தீர்ந்த மொபைலில் எதுவும் இருக்காது.

படங்கள்

ஏற்றுவதற்கு முதல் நாள், சுற்றும் முன்பே, படகை எல்லாப் பக்கமும் படம் எடுத்தேன். பழைய கீறல்களைத் தனியாக, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தேன். ஏற்றிய பின் லாரி எண் தெரிய ஒன்று. டிஜிட்டல் படத்துக்குள் எடுத்த நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். விண்டோஸில் பைலின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், பிறகு டீடெய்ல்ஸ் போனால் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த விவரம் போய்விடும், படமும் சுருங்கிவிடும். ஆகவே மொபைலை யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து மூலப் படங்களைத் தனி போல்டரில் காப்பி செய்திடுங்கள். 01, 02 என்று எண்ணில் தொடங்கும் பெயர்களைக் கொடுத்தால் வரிசை கலையாது.

கட்டும் விஷயத்தை அண்ணன் மகளே பார்த்துக்கொண்டாள். படகின் அடியில் தண்ணீர் வடிவதற்கான மூடியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டாள். வெயிலில் உள்ளே உள்ள காற்று விரிவடைய வழி வேண்டுமாம். கயிற்றுக்குப் பதில் பட்டை நாடா. பாயை மடிக்காமல் சுருட்டி வைத்தாள். பிளாஸ்டிக் தாளை நேராக உடல் மேல் சுற்ற வேண்டாம், ஈரம் அடைத்துக்கொண்டு பூச்சு கொப்பளிக்கும் என்றாள். எனக்குத் தெரியாத விஷயம், எழுதிக்கொண்டேன்.

டிரைவர் ஒத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் தன் இருப்பிடத்தைப் பகிர்ந்தார். ஒருமுறை பகிர்ந்தால் அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான் தெரியும். ஓங்கோல் தாண்டி அத்தங்கி சாலையில் திரும்பியதை அவள் இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். நகருக்குள் லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருந்ததால் கடைசி சில கிலோமீட்டருக்கு வெளியே காத்திருந்து, மறுநாள் அதிகாலை வந்து சேர்ந்தது.

கையெழுத்துப் போடும் முன்

படகு இறங்கியதும் போர்வையைப் பிரித்துப் பார்க்கும் வரை கையெழுத்துப் போடக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தேன். வலது பக்கம் ஓர் அடி நீளத்துக்குப் பூச்சு தேய்ந்திருந்தது. நாடாவின் இரும்புக் கொக்கி உரசியிருக்கிறது. அதை எல்.ஆரின் கம்பெனி நகலிலேயே எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கி, படம் எடுத்து அனுப்பினாள். அன்று மாலையே முன்பு எடுத்த படம், இப்போதைய படம், எல்.ஆர். மூன்றையும் இணைத்து கம்பெனிக்கு மெயில் போட்டேன்.

மெயில் அனுப்பியதோடு விட்டுவிடவில்லை. பின்னால் வழக்கு என்று போக வேண்டி வந்தால், அதற்கு முன் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். சரக்கை பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள். டெலிவரி நாளிலிருந்து அல்ல. கம்ப்யூட்டர் காலண்டரில் 150ஆவது நாளுக்கு ஒரு நினைவூட்டலைப் போட்டு வைத்தேன். அது ஒலிக்க வேண்டிய தேவை வரவில்லை. "ஏற்கெனவே இருந்த கீறல்தானே சார்?" என்று முதலில் கேட்டவர்கள், முதல் நாள் படத்தின் தேதியைச் சுட்டிக்காட்டியதும் ரிப்பேர் பில்லை அனுப்பச் சொன்னார்கள். மூன்று வாரத்தில் 4,500 ரூபாய் வந்தது.

ஹைதராபாத்தில் அவளோடு படகு ஓட்டும் ஒரு பையன் அடுத்த சீசனில் தன் படகை மும்பைக்கு அனுப்ப வேண்டுமாம். அந்த ஷீட்டைக் கேட்டிருக்கிறான். என் எண்களை அழித்துவிட்டுக் காலிக் கட்டங்களோடு அனுப்பியிருக்கிறேன்.